ஐந்து மணித் தண்ணீர்

"இதை நீயேதான் எழுதினியா?"

மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளர், என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த தாள்களைப் புரட்டியபடி கேட்டார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். "தமிழ் ரொம்ப நன்னா இருக்கு, அதான் கேக்கறேன். தாராவியில இருந்துண்டு..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

நானேதான் எழுதினேன் என்றேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, சமூகப் பணியில் முதுகலை முடித்தவள் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா தோல் பட்டறையில் பை தைக்கிறார். அம்மா அந்தச் சங்கக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீட்டுவேலை செய்கிறாள். அதை அங்கே சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக அன்று நான் நினைக்கவில்லை.

தாள்களில் இருந்தது எளிய யோசனைதான். எங்கள் சந்துகளில் வயதானவர்கள் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். வீட்டுப் பெரியவரிடம் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. சனிக்கிழமைதோறும் இவர்களை ஓர் அறையில் ஒன்றாக உட்காரவைத்தால் என்ன? சங்கம் ஒப்புக்கொண்டது. தாராவியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தது. என்னை ஒருங்கிணைப்பாளராக வைத்துக் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தந்தது. அம்மா அந்த அட்டையை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் என்னிடம் எடுத்துக் கொடுப்பாள்.

பெரியவர்கள் தங்கள் அனுபவங்களைச் சொல்ல வேண்டும், இளையவர்கள் கேட்க வேண்டும் என்பது சங்கத்தின் விருப்பம். முதல் சனிக்கிழமை அப்படியே வட்டமாக உட்கார்ந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் பக்கத்து இளைஞர் மன்றத்திலிருந்து ஒரு கேரம் போர்டை இரவல் வாங்கி வந்தேன்.

எங்கள் சந்தின் கடைசி வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்ததும் "பவுடர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் நகர்ந்து வந்தார். தோல் பதனிடும் வேலையில் முதுகு வளைந்தவர். மனைவி இல்லை. எதிரில் காமர்ஸ் படிக்கும் ஒரு பெண் உட்கார்ந்தாள்.

"தாத்தா, கை கோட்டைத் தாண்டுது. சீட்டிங்."

"ஏட்டி, எனக்கே ரூல் சொல்லுதியா? நீ பொறக்கதுக்கு முன்னால இருந்து இந்த ராணிய நான் குழில தள்ளிட்டு இருக்கேன்."

"அப்போலேர்ந்து இதே ராணியா? பாவம் தாத்தா அவ."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து முதுகைத் தட்டினாள். தட்டிக்கொண்டே அவருடைய காயைக் கொஞ்சம் நகர்த்தியும் வைத்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் அறையைத் திறக்கும் முன்பே அவர் வாசலில் நிற்பார், சட்டை மாற்றி, தலை வாரி.

மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குவோம். நாலரை ஆனதும் பெரியவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். எங்கள் பக்கம் ஐந்து மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். ஒரே குழாயில் பல வீடுகள், ஆளுக்கு ஒரு முறை. நம் முறை வரும்போது டிரம் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ரப்பர் பைப் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். வேலைக்குப் போனவர்கள் அந்த நேரத்தில் திரும்பியிருக்க மாட்டார்கள். அதனால் தண்ணீர் பிடிப்பது வயதானவர்கள் வேலை. வீட்டில் அவர்களுக்குச் சோறு போடுவதே அதற்காகத்தான் என்று வாய்விட்டுச் சொல்லும் வீடுகளும் உண்டு.

சில மாதங்கள் கழித்து, சங்கத்தின் நிர்வாகக் குழு நேரில் பார்க்க வருவதாகச் செயலாளர் சொன்னார். மாட்டுங்காவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வருவார்களாம். பிள்ளைகளுக்கு வகுப்பு முடிய வேண்டும், குழுவினருக்கு வெயில் தாழ வேண்டும். ஆகவே அன்று ஐந்து மணி.

"அஞ்சு மணிக்குத் தண்ணி வரும் மேடம். பெரியவங்க வரமாட்டாங்க."

"தண்ணிதானே? முன்னாடியே பிடிச்சு வெச்சுக்கச் சொல்லேன்."

முன்னாடி குழாயில் காற்றுதான் வரும் என்றேன்.

"அப்போ அன்னிக்கு ஒரு நாள் ஆத்துல வேற யாராவது பிடிக்கட்டுமே."

வேறு யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராத ஒரு நேரத்தை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை அறை வாசலில் 'தலைமுறைகளை இணைப்போம்' என்று பேனர் கட்டினார்கள். ஒரே நிற டீ ஷர்ட்டில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிர் வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. குழுவினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

கடைசி வீட்டுப் பெரியவர் மட்டும் வந்தார். லுங்கியின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது. "நீ வீடு வீடாப் போய்க் கூப்புட்டியேம்மா. பைப்ப பக்கத்து வீட்டுக்காரி கையில குடுத்துட்டு வந்தேன்" என்றார் மெதுவாக. கேரம் போர்டைத் தேடினார். மரியாதையாக இருக்காது என்று அதை மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவரை நடுவில் உட்காரவைத்து, ஒரு பிள்ளையை விட்டுப் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்தார்கள். இன்னொரு படம், குழுவினருடன். "எம்மா, போவலாமா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். இன்னும் ஒரே ஒரு படம் என்றார்கள்.

அவரோடு நானும் நடந்தேன். வீட்டு வாசலில் நீல டிரம் பாதிகூட நிரம்பாமல் நின்றது. குழாய் நின்றுவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் டிரம்மை மூடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மருமகள், தோள் பையைக்கூட இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள்.

"இந்தச் சால்வையப் பிழிஞ்சா தண்ணி வருமா மாமா?" என்று கேட்டாள்.

அவர் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. மருமகள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டாளாம். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று இரவு அந்த வீட்டில் குளிக்காமல் படுத்தவள் அவள்தான்.

"அவாளுக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்லம்மா" என்று குழு முடிவு செய்தது. தாராவி அறையை விட்டுவிட்டு நிகழ்ச்சியை மாட்டுங்காவுக்கே மாற்றினார்கள். இளையவர்களை நான் தாராவியிலிருந்து அழைத்துவர வேண்டும், பெரியவர்கள் மாட்டுங்காவிலேயே இருக்கிறார்களாம்.

ஒரு முறை அழைத்துப் போனேன். ஒருவனை மருந்துக் கடைக்கு அனுப்பினார்கள். ஒருவனைப் பரணிலிருந்து பெட்டி இறக்கச் சொன்னார்கள். காமர்ஸ் பெண்ணிடம் ஒரு மாமி அன்பாகவே கேட்டார்: "உங்கம்மா வேலைக்கு வருவாளா? எங்காத்துல இருந்தவ நின்னுட்டா." அவள் என் பக்கம் திரும்பி, "அக்கா, நாம எதுக்கு இங்க வந்தோம்?" என்றாள்.

மறுநாளே செயலாளர் முன்னால் அட்டையைக் கழற்றி வைத்தேன். "எங்க பெரியவங்களுக்கு ஆசை இல்லாம இல்ல மேடம். அவங்க மருமகளுங்க அஞ்சு மணிக்கு உங்க சமையல்கட்டுல நிக்கறாங்க. அதான் பெரியவங்க குழாயடில நிக்கறாங்க."

அவர் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

வீட்டில் அப்பா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாசச் சம்பளத்த விட்டுட்டு வந்து நிக்கா. இதுக்குத்தான் படிக்க வச்சமா?" என்றார். அம்மா காலையில் வழக்கம்போல மாட்டுங்காவுக்குக் கிளம்பிப் போனாள்.

நான் தொண்ணூறு அடிச் சாலைப் பழைய சாமான் கடையில் ஒரு கேரம் போர்டு வாங்கினேன். ஒரு மூலை உடைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போய், மருமகளிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் டிரம்மின் மூடிமேல் வைத்துப் பார்த்தேன். ஆடாமல் நின்றது.

"தண்ணி வந்தா?" என்றாள் அவள்.

"போர்டத் தூக்கிட்டுப் பிடிச்சுக்கலாம். மாமா டிரம்மவிட்டு எங்கயும் போகமாட்டாரு."

அவள் போர்டை ஒரு பக்கம் அழுத்திப் பார்த்தாள். பெரியவர் உள்ளேயிருந்து பவுடர் டப்பாவைக் குலுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

குழாய்க்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டேன், தமிழில் ஒரு வரி, தமிழ் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக அதன் கீழே இந்தியில் ஒரு வரி: சனிக்கிழமை மாலை, தண்ணீர் வரும் நேரம், இங்கேயே.