யோகேஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள்

மம்சாபுரம் முனீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். கணவன் உக்கிரபாண்டிக்குக் கொஞ்சம் வயலும் இரண்டு மாடும் இருந்தன. மகள் யோகேஸ்வரி ஆறு வயதில், குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் அழ ஆரம்பித்தாள். சாயங்காலமானால் காய்ச்சல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பு இரண்டு இடத்தில் அரித்திருந்தது. பெரும்பாலும் எலும்பு டிபிதான் இப்படி வரும் என்று அதற்கு மருந்து கொடுத்தார்கள். மாதங்கள் போயும் காய்ச்சல் விடவில்லை. பிள்ளை படுத்த படுக்கையானாள்.

அப்போது வார்டுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ஹெப்சிபா, முனீஸ்வரியைத் தனியே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“நாங்க நெனச்ச நோய் இது இல்லையோன்னு தோணுதும்மா. எலும்புல ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாக்கணும்.”

“பிள்ள தாங்குவாளா?”

“நான் பக்கத்துலயே இருக்கேன்.”

சொன்னபடி இருந்தார். பரிசோதனையில் பூஞ்சை என்று வந்தது. காற்றில் எங்கும் இருப்பதுதான். மற்றவர்களை ஒன்றும் செய்யாது. யோகேஸ்வரிக்குப் பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. மருந்தை மாற்றி, ஆபரேஷன் செய்து சீழை எடுத்தார்கள்.

ஒருநாள் காலையில் அவள் தானாக எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். வாங்க ஓடிய முனீஸ்வரி, கேண்டீனில் எதற்கு வந்தோம் என்பதே மறந்து நின்று அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, “வைக்கோல் தூசி, எருக்குழி பக்கம் இவ போகவே கூடாது. அந்தப் பூஞ்சை அங்கதான் ஜாஸ்தி” என்றார் டாக்டர். உக்கிரபாண்டி உடனே மாடுகளை விற்றுவிட்டான். ஆனால் அடுத்த வீட்டுக் குருவம்மாளின் வைக்கோல் படப்பு இவர்கள் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அவளிடம் எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் வழியெல்லாம் முனீஸ்வரிக்கு அதே யோசனை.

வந்து பார்த்தால், படப்பு இருந்த இடம் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது.

“ஒம் புருசன் சொன்னாரு. எல்லாத்தையும் களத்துக்குக் கொண்டு போயிட்டேன்,” என்றாள் குருவம்மாள்.

“தெனமும் அம்புட்டு தூரம் போயி அள்ளணுமேக்கா!”

“எம் மாட்டுக்கு நான் நடக்கேன். நீ பிள்ளயப் பாரு ஏட்டி.”

யோகேஸ்வரி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முதுகில் லேசான வளைவு இருக்கிறது. மாத்திரையை நிறுத்த முடியாது. எலும்பு மஜ்ஜை மாற்றலாமா என்று பார்க்க, அவளுடைய தம்பியின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை முனீஸ்வரி ஆண்டாள் கோயிலுக்குப் போனாள். அர்ச்சனைக்கு மகள் பேரையும் குருவம்மாள் பேரையும் சொல்லிவிட்டு, “ஹெப்சிபா” என்றாள். அர்ச்சகர் நிமிர்ந்து பார்த்தார்.

“நட்சத்திரம்?”

“தெரியாது சாமி. அவிய டாக்டரு.”