டப்பா வந்தது, கை வரவில்லை

1. பாட்டில் வரிசை

வில்லியனூரில் ஒரு தனியார் டாக்டரிடம் நான் கம்பவுண்டராகச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். முதல் நாள் காலை ஜன்னலைத் திறந்தால் வெளியே ஆள் குறைவு, பாட்டில்தான் அதிகம். ஜன்னல் திண்டின் மேல் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பாட்டில்கள், மூடிக்கு அடியில் சீட்டு.

அப்போதெல்லாம் மிக்சர் என்கிற தண்ணீர் மருந்துக்கு வீட்டிலிருந்துதான் பாட்டில் கொண்டுவர வேண்டும். நான் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலில் ஒட்டுவேன். நடவு, அறுப்பு நாட்களில் நோயாளி வரமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது டவுனுக்குப் போகிற வழியில் பாட்டிலை வைத்துவிட்டுப் போவார், திரும்பும்போது எடுத்துக்கொள்வார்.

"பாட்டில் வந்தா போதும்பா, ஆளு எதுக்கு? வேல கெட்டுப் போவும் இல்ல?" என்றார் டாக்டர். கூலிக்குப் போகிறவர்கள்மேல் அவருக்கு உண்மையான இரக்கம் உண்டு. அந்த வழக்கம் எனக்கும் பிடித்துப்போனது. ஆள் வந்தால் பேசுவார்கள், பாட்டில் பேசாது. எனக்கு அந்த வயதில் பொறுமை கொஞ்சம் குறைவு.

2. பெயர் போட்ட டப்பா

சில வருடம் கழித்து டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. தோலுக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் வெள்ளைக் களிம்பைப் பீங்கான் டப்பாவில் போட்டு, தன் பெயரையும் பட்டத்தையும் அச்சடித்த லேபிளை ஒட்டி விற்பது. 'டாக்டர் ஸ்பெஷல் ஸ்கின் கிரீம்.'

அதில் என்ன இருந்தது என்று எனக்குத்தானே தெரியும். வெள்ளை பாராஃபின், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கம்பளிக் கொழுப்பு, ஜிங்க் ஆக்சைடு. எல்லாவற்றையும் எனாமல் பேசினில் போட்டு வெந்நீர் மேல் வைத்து உருக்கி, ஆறும்வரை கிளற வேண்டும். பழைய களிம்புக்கும் இதற்கும் வித்தியாசம் நான்கு சொட்டு ரோஸ் எசன்ஸ். எண்ணெய்க் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் முப்பது காசு. டப்பாவில் போனால் ஆறு ரூபாய்.

முப்பது காசுக் களிம்பைப் பாதி பேர் பூசாமலே பரணில் போட்டுவிடுவார்கள். ஆறு ரூபாய் டப்பாவைக் காலையும் மாலையும் கழுவி, துடைத்து, ஒழுங்காகப் பூசினார்கள். காய்ந்த தோலும் சேற்றில் வெடித்த காலும் அதனாலேயே ஆறின. ஆகவே அது ஏமாற்று என்று நான் அப்போது நினைக்கவில்லை. இப்போதும் முழுக்க அப்படிச் சொல்லமாட்டேன்.

தீர்ந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்து நிரப்பிக்கொண்டால் ஒரு ரூபாய் குறைவு. அதனால் திண்டில் இப்போது பாட்டில்களோடு டப்பாக்களும் வரிசையில் நின்றன.

3. அந்தோணியின் தங்கை

டவுனில் மில் வேலைக்குப் போகிற அந்தோணி மாதம் ஒருமுறை டப்பா கொண்டுவருவான். அவன் தங்கை ஆரோக்கியமேரி வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். சுற்றுவட்டாரத்துக் கல்யாணத் துணியெல்லாம் அவள் கையில்தான்.

"தங்கச்சிக்குக் கையில தேமலுண்ணே" என்றான் முதல் தடவை.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"அதான் டப்பாவுலியே டாக்டர் பேரு போட்டிருக்கே."

நான் சிரித்தேன். டப்பாவைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் அந்த டப்பாவை நானே நிரப்பினேன். ஒரு தடவைகூட "தேமல் மறைஞ்சுதா?" என்று கேட்கவில்லை.

எட்டாவது மாதம் அந்தோணிக்கு ஷிப்ட் மாறியது. அவளே வந்தாள். நான் ஜன்னலை ஒட்டிய மேசைமேல் ஸ்டவ் வைத்து கிரீம் உருக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக டப்பாவை நீட்டிவிட்டு, இடது கையை மேசை ஓரம் ஊன்றி, அடுத்த ஊர்த் திருவிழாவுக்குத் தைக்க வந்திருக்கும் துணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். நான் எசன்ஸ் பாட்டிலை எடுக்கத் திரும்பி, மறுபடி பார்த்தபோது அவள் சுண்டுவிரல் பக்கம் முழுக்கக் கொதிக்கிற பேசினின் மேல் சாய்ந்திருந்தது.

"ஐயோ, கைய எடும்மா!"

"இன்னாண்ணே?" என்று என் முகத்தைப் பார்த்தாள். கை அங்கேயேதான் இருந்தது. நான்தான் பிடித்து இழுத்தேன். தோல் வெந்து சிவந்து போயிருந்தது. அவள் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அவளை உள்ளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டருக்குப் படித்தவன் இல்லை என்றாலும் சூடு உறைக்காததற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

4. பஞ்சு

டாக்டர் அவளை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். "பஞ்சு படறப்பல்லாம் 'ம்' சொல்லும்மா." தோளில் பட்டதும் "ம்" என்றாள். முழங்கைக்கு மேலும் "ம்." வெளுத்திருந்த இடத்தில் மூன்று தடவை தொட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்துக்கொண்டே இருந்தாள்.

முழங்கையின் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். கயிறுபோலத் தடித்திருந்தது. தொழுநோய். ஆரம்பத்திலேயே அரசாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தால் இலவச மாத்திரையிலேயே சரியாகியிருக்கும். இப்போது சுண்டுவிரல் மடங்கத் தொடங்கிவிட்டது என்றார்.

அவள் அழவில்லை. "வெளிய தெரிஞ்சா யாரும் துணி குடுக்க மாட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். டவுனில் தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஒரு கிளினிக்குக்கு டாக்டர் கடிதம் கொடுத்தார்.

அவள் போன பிறகு டாக்டர் என்னிடம் கோபமாகவே பேசினார். "கிரீம்ல இன்னாப்பா தப்பு? வெஷமா கலந்தோம்?"

"ஒண்ணும் கலக்கல சார். அது தேமலுன்னு நம்பி நானே ஏழு மாசம் ரொப்பிக் குடுத்துட்டேன்."

மறுநாளிலிருந்து ஆளைப் பார்க்காமல் டப்பாவை நிரப்பக்கூடாது என்று உத்தரவு. விற்பனை பாதியாகக் குறைந்தது. டாக்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

5. கேட்பவர்களுக்கு

டாக்டர் பெயரும் படமும் போட்ட விலையுயர்ந்த கிரீம்களைக் காட்டி, "இது காசுக்குத் தகுமா?" என்று உறவுப் பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் நல்ல களிம்புதான், பூசினால் கெடுதல் இல்லை என்பேன். பிறகு ஒன்று கேட்பேன்: "இந்த டாக்டர் உன் மூஞ்சியப் பாத்தாரா?" பார்க்கவில்லை என்றால் நீ வாங்கியது களிம்பு மட்டும். களிம்புக்கு முப்பது காசு போதும்.

ஆரோக்கியமேரி சில வருடம் மாத்திரை சாப்பிட்டாள். வெளுப்பு மறைந்தது. விரல் மட்டும் நிமிரவில்லை. நான்கு விரலால் துணியைப் பிடித்துத் தைக்கப் பழகிக்கொண்டாள். துணி கொடுப்பவர்கள் யாருக்கும் விஷயம் தெரியாது.

பின்னொரு நாள் என் மனைவியின் ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மிஷின்மேல் அந்தப் பீங்கான் டப்பா இருந்தது. லேபிள் கிழியவில்லை. உள்ளே கொக்கிகள். நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"நல்ல டப்பாண்ணே, அதான் வெச்சிக்கினேன்" என்றாள். அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே, கோபமில்லாமல், இன்னொன்றும் சொன்னாள்.

"ஒரு தபா அவள இட்டுக்கினு வாடான்னு எங்கண்ணங்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம்.