தங்கையின் காரைக் கிரைண்டர் என்றோம்

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டி, "உங்கள் காருக்கு ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு இங்கிரிட். நார்வேக்கு வந்த பத்து வருடங்களில் அக்கம்பக்கத்தார் ஒருவர் தானாக வந்து விசாரித்தது அதுவே முதல் தடவை. நெகிழ்ந்துபோய், கோளாறு இல்லை, இன்ஜினே அப்படித்தான் உறுமும் என்று விளக்கி, காபி குடிக்கிறீர்களா என்றும் கேட்டேன். அவள் சிரிக்காமல் போய்விட்டாள். காலையில் சத்தம் போடாதே என்றுதான் அவள் கண்ணியமாகச் சொல்லியிருக்கிறாள் என்று அலுவலக நண்பன் விளக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் தெருவில் மற்ற எல்லாமே எலக்ட்ரிக் கார்கள். என் பெட்ரோல் ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் காரை, கல்யாணப் பந்தியில் பீடி பற்றவைத்தவனைப் போலப் பார்ப்பார்கள். கடலுக்கடியிலிருந்து எண்ணெய் எடுத்து உலகத்துக்கு விற்கும் நாடு அது. பாவத்தைக் கப்பலேற்றிவிட்டு, புண்ணியத்தில் கார் ஓட்டுகிறார்கள்.

போன குற்றால சீசனுக்குச் சொந்த ஊரான தென்காசிக்கு வந்தபோது அதே காரின் படத்தைப் பார்த்துத் தெருவே வாய் பிளந்தது. என் தங்கை செல்வி வாங்கியிருந்த சின்ன எலக்ட்ரிக் காரைப் பார்த்துத்தான் சிரித்தது. அத்தை மகன் மாரிச்சாமி, சைலன்சரை மாற்றி டர்போ கார் வைத்திருப்பவன், "ஏட்டி செல்வி, இது காரா கிரைண்டரா? மாவாட்டுத சத்தங்கூட வரலியே" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். சாரலில் நனைந்தால் ஷாக் அடிக்கும் என்றார் ஒருவர். பேட்டரிக்காக எங்கோ மலையை வெட்டுகிறார்களாம் என்று கவலைப்பட்டார் இன்னொருவர். முந்தின நாள் ஐந்தருவியில் ஷாம்பூ பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டவர் அவர். மாரிச்சாமியின் கார் எங்கே பறக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. குற்றாலம் ரோட்டில் சுற்றுலா வேன்களுக்கும் பலாப்பழ வண்டிகளுக்கும் நடுவே அது முதல் கியரில் உறுமிக்கொண்டு நின்றதைத்தான் நான் பார்த்தேன்.

செல்வி சார்ஜர் வயரைச் சொருகிவிட்டு உள்ளே போனாள்.

அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை திருநெல்வேலியில் டயாலிசிஸ். அதற்காகத்தான் அவள் அந்தக் காரை வாங்கினாள் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இந்தத் தடவை நாங்கள் கூட்டிப்போகிறோம் என்று நானும் மாரிச்சாமியும் அவன் காரில் ஜம்பமாகக் கிளம்பினோம். ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் மாரிச்சாமி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பா, முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாவூர்சத்திரத்தில் காய்கறி டெம்போக்களுக்குப் பின்னால் அவன் சடாரென்று பிரேக் அடித்தபோது மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

"நிறுத்துலே. நான் எறங்குதேன்."

"மாமா, முக்கா மணி நேரத்துல போயிருவோம்."

"நீ போ. எம்மவளுக்குப் போன் போடு."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் வேட்டியைத் துடைக்கக் குனிந்த என் கையை விலக்கினார். இருபது நிமிடத்தில் செல்வி மாற்று வேட்டியோடு வந்து சேர்ந்தாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அண்ணே, பின்னால ஏறிக்கோ" என்றாள், அவ்வளவுதான். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

முன்சீட்டைச் சாய்த்து அப்பாவைப் படுக்க வைத்தாள். கார் கிளம்பியதே தெரியவில்லை. ஆலங்குளம் வரை தூங்கினார். கண் விழித்ததும் கேட்டார்.

"ஏலே, ஒங்க ஊர்லயும் எல்லாரும் இந்தக் காருதான் வச்சிருக்காவளா?"

"ஆமாப்பா. எங்க ஊர்ல எல்லாரும் இதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்த ‘எங்க ஊர்’ எனக்கே கேட்டது. நான் அங்கே ஓட்டுவது என்ன என்று தெரிந்த செல்வி, கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பினாள். வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் பிறந்து வளர்ந்த மண்ணில், தங்கையின் பின்சீட்டில், வீடு தெரியாமல் வந்த விருந்தாளியைப் போல முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.