ஒன்பதாவது படம்

பழைய கார் வாங்கி விற்கும் அந்த யார்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளிக்கும் பட்டறைக்காரருக்கும் அவர் 'மூடி'. வரும் காரைக் கழுவித் துடைப்பது, படம் எடுப்பது, எடுத்ததை இணைய விற்பனைத் தளத்தில் ஏற்றுவது, விசாரித்து வரும் போன்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் வேலை. பதினோரு வருடத்தில் அவர் ஏற்றிய படங்களில், முதல் சில மாதங்களைத் தள்ளிவிட்டால், ஒன்றில்கூட நம்பர் பிளேட் தெரியாது.

அதற்கென்றே ஒரு தகரப் பலகை வைத்திருந்தார். மஞ்சள் பெயின்ட் அடித்து, யார்டின் போன் நம்பரை எழுதி, இரண்டு ஓரத்திலும் எலாஸ்டிக் பட்டை கோத்த பலகை. கார் குளித்து முடித்ததும் நம்பர் மேல் அதை மாட்டுவார். அப்புறம்தான் சட்டைப்பையிலிருந்து போன் வெளியே வரும்.

"வண்டி என்ன கல்யாணப் பொண்ணா, முக்காடு போட்டு நிக்க வச்சிருக்க?" என்பார் பட்டறைக்காரர்.

"மூஞ்சியக் காட்டிட்டு நிக்கத்தான் நீங்க இருக்கீங்களேண்ணே, போதாதா?" என்பார் மூடி.

பலகை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளி நிறக் காரை நம்பர் தெரிய ஏற்றிவிட்டார். அதே கம்பெனி, அதே நிறத்தில் வண்டி வைத்திருந்த எவனோ, படத்தைப் பார்த்து அந்த நம்பரைத் தன் வண்டியில் எழுதி ஒட்டிக்கொண்டான். ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடியும் போனான். போலீஸ் போய் நின்றது காரின் உண்மையான சொந்தக்காரர் வீட்டில். ஓய்வு பெற்ற வங்கிக் குமாஸ்தா அவர். ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். வெளியே வந்ததும் நேராக யார்டுக்கு வந்து, "என் நம்பரை ஊருக்கெல்லாம் காட்டினது யாரு?" என்று கேட்டார். மூடி கையைத் தூக்கினார். பெரியவர் திட்டவில்லை. திரும்பிப் போய்விட்டார். மறுநாளே தகரம் வாங்கி வெட்டியாகிவிட்டது.

நம்பரைத்தான் மூடுவார், குறையை மூடமாட்டார். அது முதலாளி போட்ட சட்டம். ஒரு காருக்கு ஒன்பது படம். முன்மூலை, பின்மூலை, இரண்டு பக்கம், சீட்டு, டாஷ்போர்டு, ஓடிய கிலோமீட்டர், இன்ஜின் என எட்டு. ஒன்பதாவது குறைப் படம். கீறலோ நசுங்கலோ எங்கே இருக்கிறதோ அங்கே, அளவு தெரிய ஒரு தீப்பெட்டியை ஒட்டி வைத்துக் கிட்டத்தில் எடுப்பது. "குறையக் காட்டறவனை நம்பித்தான் ஜனம் வரும்" என்பது முதலாளியின் வாக்கு. அது பலிக்கவும் செய்தது. மூடி எடுக்கும் குறைப் படம் அத்தனை துல்லியமாக இருக்கும். கொசு கடித்தால்கூடத் தெரியும் என்பார்கள்.

அவருக்கு ஒரு தங்கை. தங்கையின் புருஷன் கை நீட்டுகிறவன். இரண்டு முறை அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு முறையும் மூடியும் அவர் மனைவியும் சோறு போட்டு, புத்தி சொல்லி, திருப்பி அனுப்பினார்கள். "கோபம் இருக்கற இடத்துலதாம்மா குணம் இருக்கும்" என்று சொன்னது மூடிதான். இரண்டாவது முறை, தன் பேரில் இருந்த காரின் பின்கதவை அவள் காட்டினாள். அதில் குதிகால் அளவுக்குப் பிறைபோல ஒரு பள்ளம். அவளும் குழந்தையும் உள்ளே பூட்டிக்கொண்டு இருந்தபோது வெளியிலிருந்து உதைத்தது. குழந்தையின் சீட்டு அந்தப் பக்கம்தான். "தட்டினா சரியாயிடும்" என்றார் மூடி. கதவைத்தான் சொன்னார்.

மூன்றாவது முறை அவள் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. ஒரு பையும் குழந்தையும் காருமாக எங்கோ போய்விட்டாள். இரண்டு மாதம் கழித்துப் புது நம்பரிலிருந்து கூப்பிட்டாள். ஊரின் மறுகோடியில் ஓர் அறை, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, பெண் ஒன்றாம் வகுப்பு. "உனக்கு மட்டும்தாண்ணே சொல்றேன். அண்ணிக்குக்கூட வேண்டாம்."

மாப்பிள்ளையும் கூப்பிட்டான். "மச்சான், அவ எங்க?"

"எனக்குத் தெரியாது மாப்ள. எங்கிட்ட பேச்சே இல்ல."

அவன் நம்பினான். இரண்டு முறை திருப்பி அனுப்பிய அண்ணன் சொன்னால் நம்பாமல் என்ன? செய்த தப்பு ஒரு தடவையாவது உபயோகப்பட்டதே என்று மூடி அன்றைக்கு நினைத்துக்கொண்டார்.

பதினைந்து மாதம் ஓடியது. கார் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தது. தங்கை பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். ஒருநாள் சொன்னாள்: "அதை யார் தலையிலயாவது கட்டிடுண்ணே. அந்தத் தார்ப்பாயப் பாக்கக்கூடாதுன்னு ஜன்னலையே சாத்தி வச்சிருக்கேன்."

"கொண்டா, நான் பாத்துக்கறேன். ஆனா ஆர்.சி. புக்குல பழைய அட்ரஸ் இருக்கே. இப்ப இருக்கற அட்ரஸுக்கு மாத்தினாதான் வாங்கறவன் பேருக்குப் போகும்."

"அட்ரஸா?" என்று இழுத்தாள்.

"புக்கு ஆபீஸ் பீரோவுக்குள்ள கிடக்கப்போகுது. யாரு பாக்கப்போறா?"

புது அட்ரஸ் ஏறிய புத்தகத்தோடு கார் வந்த வாரம் பார்த்து முதலாளிக்குப் புது ஞானம் பிறந்திருந்தது. எதிர்த் தெரு யார்டில் நம்பரைத் திறந்தே போடுகிறார்களாம். வாங்குகிறவன் நம்பரைத் தட்டி, வண்டியின் ஜாதகத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிடுகிறானாம்.

"நம்ம படத்தைப் பாத்துட்டு திருட்டு வண்டியான்னு கேக்கறான்யா. தெருவுல ஆயிரம் பேர் பாக்கற நம்பர். படத்துல மூடி யாருக்கு லாபம்?"

"தெருவுல பாக்கறவன் சும்மா பாக்கறான் முதலாளி. படத்துல பாக்கறவன் தேடிக்கிட்டுப் பாக்கறான்."

"ஒருத்தன் எப்பவோ திருடினான்னு ஊரே முக்காடு போட்டுக்கணுமா?"

"நிஜமா வாங்கறவன் போன் பண்ணுவான். அவனுக்குச் சொல்லுவோம். ஊர்ல இருக்கறவன் எல்லாருக்கும் எதுக்கு?"

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது உன் தங்கச்சி வண்டிதானே? அதான் இவ்வளவு துடிக்கற. சரி, இதை மூடிக்கோ. அடுத்த மாசத்துல இருந்து எல்லாம் திறந்துதான்."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கை ஒளிந்து வாழ்கிறாள், புத்தகத்தை யாருக்கும் காட்டாதீர்கள் என்று. வாய் வரவில்லை. குடும்ப விஷயம். ஆபீஸில் சொன்னால் மதியத்துக்குள் பட்டறை வரை போய்விடும்.

பட்டறைக்காரர் காரைச் சுற்றி வந்து கதவுப் பள்ளத்தில் விரலை வைத்தார். "இதை எடுத்துடட்டுமா? ரெண்டு மணி நேர வேலை."

"வேண்டாண்ணே. குறைய மறைச்சு வித்தான்னு முதலாளி என்னைத்தான் சொல்லுவாரு. தங்கச்சி வண்டின்னா இன்னும் ரெண்டு வார்த்தை கூடச் சொல்லுவாரு."

பலகையை மாட்டினார். இருமுறை இழுத்துப் பார்த்தார். பக்கத்துக் காரின் கண்ணாடியில் நம்பர் பிரதிபலிக்கிறதா என்றுகூடக் குனிந்து பார்த்துத் தள்ளி நிறுத்தினார். பின்கண்ணாடியில் குழந்தை ஒட்டியிருந்த மீன் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். எட்டுப் படம் எடுத்தார். பிறகு தீப்பெட்டியை எடுத்துப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒன்பதாவதையும் எடுத்தார். நல்ல வெயில். பிறையின் விளிம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. கைக்குப் பழகிய வேலை, கை செய்தது.

நான்காம் நாள் முன்பின் பார்த்திராத ஒருவன் வந்தான். சட்டையைச் செருகியிருந்தான், மரியாதையாகப் பேசினான். காரைச் சுற்றி வந்தான். பின்கதவருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் ஆபீஸுக்குள் போய் முதலாளியோடு பத்து நிமிஷம் இருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டான்.

மூடி வேறொரு காரின் டயருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நாலாவது டயருக்கு வந்தபோதுதான் உறைத்தது. அந்த ஆள் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. உட்கார்ந்து ஸ்டியரிங்கைக்கூடத் தொடவில்லை. பதினோரு வருடத்தில் அப்படிக் கார் வாங்க வந்த ஒருவனை அவர் பார்த்ததில்லை.

துணியைப் போட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடினார். "அவன்கிட்ட புக்கைக் காட்டினீங்களா?"

"கேட்டான், காட்டினேன். போன்ல படம் எடுத்துக்கிட்டான். எல்லாரும் எடுக்கறதுதானே." முதலாளி அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என்னய்யா விஷயம்?"

மூடி இப்போது சொன்னார். முதலாளி முழுதாகக் கேட்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா புக்கை வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிருப்பேனே" என்றார். அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மூடிக்கு அதுதான் தாங்கவில்லை.

தங்கைக்குப் போன் போட்டார். அவள் வேலையில் இருந்தாள். கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வந்தவன் கதவையே பார்த்ததையும், புத்தகத்தைப் படம் எடுத்ததையும் சொன்னார்.

"நம்பரை மூடியிருந்தேம்மா. ரெண்டு தடவ பாத்தேன்."

"அந்தக் கதவை எதுக்குண்ணே படம் எடுத்த?"

"குறைப் படம். எல்லா வண்டிக்கும் எடுக்கறதுதான்."

குழாய்ச் சத்தம் நின்றது.

"ரெண்டாவது தடவ உன் வாசல்ல வந்து நின்னப்ப அதைக் காட்டினேன்" என்றாள். "அப்ப உனக்கு அது குறையாத் தெரியல. விக்கறப்பதான் தெரிஞ்சிருக்கு."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"ஸ்கூல் விட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் போய்க் கூட்டிக்கறேன். வீட்டுக்குப் போகமாட்டேன்."

"எங்க போவ? நான் வரேன், அங்கேயே இரு."

"வராத. எங்க போறேன்னு உனக்குச் சொல்லப்போறதில்ல. கோவமில்லண்ணே. உனக்கு மறைக்கத் தெரியல, அவ்வளவுதான்."

அன்று மாலையோடு அவள் போன் அணைந்துவிட்டது. மறுநாள் காலை மூடி பஸ் பிடித்து ஊரின் மறுகோடிக்குப் போனார். அறை பூட்டியிருந்தது. கொடியில் ஒரு சின்னப் பாவாடையும், வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டும் காய்ந்துகொண்டிருந்தன. கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "நேத்து ஒருத்தர் வந்து ராத்திரி வரைக்கும் படியிலயே உக்காந்திருந்தாரு. அந்தப் பொண்ணோட புருஷனாம். நீங்க யாரு?"

"அண்ணன்" என்றார். அந்த அம்மாள் அதற்கும் அதே முகத்தைத்தான் வைத்துக்கொண்டாள். எடுத்துப் போகட்டுமா என்று கொடியைக் கையால் காட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

பரிசோதனை நிலையத்தில், சொல்லாமல் பாதியில் போனதால் அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்றார்கள். பள்ளியில், அம்மா அவசரமாகக் கூட்டிப் போனபோது விட்டுப்போன குழந்தையின் பையை மேஜை மேல் எடுத்து வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, அம்மா வந்தால்தான் கொடுப்போம் என்றார்கள்.

யார்டில் பட்டறைக்காரர் யாரும் கேட்காமலே அந்தக் கதவைத் தட்டிச் சரிசெய்து பெயின்டும் அடித்திருந்தார். மூடி படத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். நம்பரைத் திறந்து போடும் பேச்சை முதலாளி அப்புறம் எடுக்கவேயில்லை. "மூடறதோ திறக்கறதோ, உன் இஷ்டம்யா" என்றதோடு சரி.

ஒரு வாரம் கழித்து, ஒரு சிவப்புக் காருக்குப் பலகை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"நல்லாத்தான் மூடியிருந்தீங்க மச்சான்" என்றான் மாப்பிள்ளை. குரலில் கோபமே இல்லை. "நம்பர் ஒரு எழுத்துகூடத் தெரியல. ஆனா என் கால் வச்ச இடம் எனக்குத் தெரியாதா? பக்கத்துல தீப்பெட்டி வேற வச்சிருக்கீங்க. அதான் ஆள் அனுப்பிப் பாத்தேன்."

மூடி பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"சரி, விடுங்க. இப்ப எங்க இருக்கா?"

"எனக்குத் தெரியாது மாப்ள. எங்கிட்ட பேச்சே இல்ல."

மறுமுனையில் அவன் சிரித்தான். "போன தடவையும் அச்சுப் பிசகாம இதையேதான் சொன்னீங்க."