பாத்த டிஸ்க்

மூணு நாளா கம்ப்யூட்டர் என் உயிரை வாங்கினது. பழைய டிஸ்க்ல விண்டோஸ், புதுசுல லினக்ஸ். விண்டோஸ் வரும்; நான் ஆசையா ஏத்தின லினக்ஸ் மட்டும் வராது. எரிச்சல்ல, திருப்பதியில ரிப்பேர் கடை வச்சிருக்கிற வேலூர்க்காரர் சேகரண்ணனுக்கு போன் போட்டேன். பென் டிரைவ்ல ஸ்டார்ட் பண்ணி, புது டிஸ்க்கைத் திறந்து பார்க்கச் சொன்னாரு. பார்த்தேன்.

"சரி, பாத்த டிஸ்க்கை அழிச்சிட்டு மறுபடி ஏத்து."

நான் சித்தூர்ல வளர்ந்தவன். தெலுங்குல 'பாத்த'ன்னா பழசு. பழசுதான் மறிக்குதுபோலன்னு அதை அழிச்சிட்டேன். அக்கா நாலு வருஷமா சர்ச்சுக்கு டைப் பண்ணிக்கினு இருந்த பாட்டெல்லாம் அதுலதான் இருந்தது.

பழசை அழிச்சாச்சுன்னு அவர்கிட்ட சொன்னேன். "ஐயோ, நீ இப்ப பாத்தியே, அந்தப் புதுசைத்தானே சொன்னேன்" என்றார் அவர். அப்பதான் எனக்குப் புரிஞ்சது. அதுக்குள்ள அக்கா வந்து நின்னா.

"அண்ணன்தான் பழசை அழிக்கச் சொன்னாரு" என்றேன்.

போன் இன்னும் ஸ்பீக்கர்ல இருந்தது.

"ஆமாம்மா, நான்தான் தப்பா சொல்லிட்டேன். டிஸ்க்கைக் குடுத்தனுப்புங்க, முடிஞ்சதை எடுத்துத் தரேன்" என்றார்.

பாதிப் பாட்டு திரும்பி வந்தது. அக்கா இன்னும் அவரைத் திட்டிக்கினுதான் இருக்கா. நானும் வாயைத் திறக்காம கேட்டுக்கினு இருக்கேன்.