முதலில் பிரித்த கொட்டகை

நான் கொல்லிமலை யூனியன் ஆபீசுக்கு அதிகாரியாக மாற்றலாகி வந்தபோது, பஸ் நிற்கும் கடைவீதியில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஒரு செருப்பு வாங்கக்கூட ஜனங்கள் மலையிறங்கி சேந்தமங்கலம் போனார்கள். அந்த வீதியைச் சீர்செய்ய ஒரு திட்டம் வந்தது. சாக்கடை, விளக்கு, ஒரே வரிசையில் புதுக் கடைகள். அந்த வேலை என் மேசைக்கு வந்தது.

கடைக்காரர்களுக்காகப் போட்ட முதல் கூட்டத்துக்கு நாலு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் இட்லிக்கடை அக்கா. புருஷன் போனபிறகு தகரக் கொட்டகையில் கடை போட்டு மகளைக் கட்டிக் கொடுத்தவர்.

"கடையப் பிரிச்சுப்போட்டா அப்புறம் எடம் தரமாட்டீங்கன்னு பயப்படறாங்க மேடம்," என்றார்.

"இருந்தவங்க எல்லாருக்கும் கடை உண்டு அக்கா," என்றேன். யாரையும் கேட்காமல் நான் கொடுத்த வாக்கு அது.

அதை நம்பி அவர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். அப்படியும் யாரும் அசையவில்லை. ஒருநாள் காலை, வியாபாரம் முடிந்த கையோடு தன் கொட்டகையைத் தானே பிரித்தார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் பிரித்தார்கள்.

வேலை முடியும்வரை அக்கா மிளகு பறிக்கும் கூலிக்குப் போனார். கட்டடம் எழும்பியதும் மேலிருந்து உத்தரவு வந்தது: வரி ரசீதோ கரண்ட் கனெக்‌ஷனோ இருந்தவர்களுக்கு மட்டுமே கடை. அவரிடம் இரண்டும் இல்லை. மூன்று முறை எழுதிக் கேட்டேன். விதியில் வழியில்லை என்றே பதில் வந்தது.

நானே போய்ச் சொன்னேன். அக்கா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"நீ சொன்னதத்தான் கண்ணு நா எல்லார்த்துகிட்டயும் சொன்னேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்று அந்த வீதி நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலமானால் வாழவந்தி நாட்டு மலைக்கிராமங்களிலிருந்துகூட பைக்கில் வந்து இறங்குகிறார்கள். அக்கா மட்டும் மகள் வீட்டோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டார். போன மாதம் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அதே வீதியில் தள்ளுவண்டி போட அவருக்கு நான் அனுமதி வாங்கி வைத்திருப்பதைச் சொல்லி, வரச்சொல்லிக் கெஞ்சினேன்.

"வேண்டாஞ் சாமி. மறுபடி யாராச்சும் நகரச் சொல்லுவாங்க. இன்னொருக்கா பிரிக்க எனக்குத் தெம்பில்ல."

திருப்பூருக்குப் போக அவர் முதலில் ஏற வேண்டிய நாமக்கல் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "சாப்ட்டியா கண்ணு? மலையேறதுக்குள்ள ஏதாச்சும் சாப்பிட்டுப் போ," என்றார்.

சரியென்று தலையாட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது.