முப்பது நாள் சீட்டு

தெருவில் எல்லோரும் அவளை டெய்லரம்மா என்பார்கள். அவள் புருஷனை ஸ்டோர் என்பார்கள். அதில் மனிதருக்குப் பெருமைதான். பஸ் பட்டறையின் உதிரிபாகக் கிடங்கைப் பதினெட்டு வருஷமாகக் கட்டிக் காப்பவர். ஒரு நட்டைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாராம். தரட்டும். அந்த ஒழுங்கைப் பட்டறை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிடங்கில் ஒரு முறை உண்டு. யாருக்கும் உதவாது என்று தோன்றும் சாமானில் சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வேண்டும் என்பவர் முப்பது நாளுக்குள் நோட்டில் கையெழுத்துப் போட்டு மீட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சாமான் வெளியே போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை வீட்டிலும் ஆரம்பித்தார். கைப்பிடி போன வாணலி, மூடியைத் தொலைத்த டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு என்று எல்லாவற்றிலும் சீட்டு தொங்கியது. டெய்லரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். உண்மையைச் சொன்னால், அந்த வாணலி ஒழிவதில் அவளுக்கும் நிம்மதிதான். ஆனால் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய காகிதக் கட்டிலும் ஒரு சீட்டைக் கட்டினார் பாருங்கள், அப்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது பேப்பர் கட்டிங். ஒவ்வொரு வாடிக்கைக்காரிக்கும் ரவிக்கைக்கு அளவெடுத்து, காகிதத்தில் வெட்டி, பெயர் எழுதி வைத்தது. நூற்றுச் சொச்சம் பேர். துணியைக் கொடுத்தனுப்பினால் போதும், காகிதத்தை மேலே வைத்து வெட்டிவிடுவாள். அவள் பிழைப்பே அந்த ஆணியில்தான் தொங்கியது. அவர் வேலைக்குப் போன பிறகுதான் அவள் தைக்க உட்காருவாள் என்பதால், அவர் கண்ணுக்கு அது பழுப்பேறின குப்பை.

நோட்டை நீட்டி, ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்றார்.

“என் வீட்டுல, என் பொருளுக்கு, நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். என் ரேடியோவுக்கு நானே போட்டிருக்கேன்.”

அவள் போடவில்லை. பேச்சும் நின்றுபோனது. தினமும் சீட்டை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை உருவினாள், வெட்டினாள், திரும்பச் செருகினாள். இந்த மனுஷனுக்கு அந்தத் துணிச்சல் வராது என்று நம்பினாள். ஸ்டோர்கீப்பரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் நினைக்கிற நினைப்பா அது? முப்பத்தோராம் நாள் நூல் வாங்கப் போய் வந்தாள். ஆணி வெறுமனே இருந்தது.

பழைய பேப்பர் கடைக்கு ஓடினாள். காலையிலேயே லாரி ஏற்றிவிட்டோம் என்றார்கள். வேலை விட்டு வந்தவரை ஒரு பிடி பிடித்தாள். நோட்டீஸ் கொடுத்தேனே என்று அவர் முனகியதும், நோட்டைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள்.

வேறு வழியில்லை. ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுப் புதிதாக அளவெடுக்க வேண்டும். முதலில் வந்தவள் பள்ளிக்கூட டீச்சர். டேப்பைச் சுற்றிப் பார்த்த டெய்லரம்மா திகைத்தாள். அடிக்கடி தைக்கக் கொடுப்பவள் என்பதால் டீச்சரின் பழைய அளவு மட்டும் அவளுக்கு மனப்பாடம். இப்போது நாலு அங்குலம் கூட இருந்தது.

டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “ரெண்டு வருஷமா நீங்க தச்ச சட்டையில கையைத் தூக்க முடியலைங்க. போர்டுல கீழ்ப்பாதியிலதான் எழுதுறேன்.”

“வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?”

“நீங்க கோவிச்சுக்குவீங்கன்னுதான்.”

டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது. அடுத்து வந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, அவள் தைத்துக் கொடுத்த பழைய சட்டையோடு ஒப்பிட்டால் அளவு மாறியிருந்தது. சிலர் இரண்டு தெரு தள்ளி வேறொருத்தியிடம் சத்தமில்லாமல் தைக்க ஆரம்பித்திருந்ததும் தெரியவந்தது. அந்தக் கட்டு இன்னும் ஒரு வருஷம் தொங்கியிருந்தால் மிஷினையே மூடி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

அளவெடுத்த அன்று சாயங்காலம் ஸ்டோர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். தப்பு தன்மேல்தான் என்றார். எல்லாமே போச்சா என்று கேட்டார்.

“என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க” என்றாள்.

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவள் தடுக்கவில்லை. விடிந்ததும் முதல் வேலையாக டீச்சர் வீட்டுக்குப் போய், புது அளவில் தைத்த சட்டையைக் கொடுத்தாள். சட்டை கச்சிதமாக இருந்தது. டீச்சர் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

டெய்லரம்மா சிரிக்கவில்லை. அளவு விஷயம் ஸ்டோர் காதில் விழுந்தால் இனி உங்களுக்குத் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.